எம்மா தாம்சன் பழங்கால உடை போட்டு நடித்ததால்தான் பெரிய நடிகை ஆனாரா? உடையைக் கழித்துவிட்டால் அவரிடம் என்ன இருக்கிறது?

கேள்வி கேட்டவர் கல்லூரியில் படிப்பவர் என்று நினைக்கிறேன். யாரோ பிடித்து உட்காரவைத்து ஜேன் ஆஸ்டின் எழுதிய பழைய ஆங்கில நாவலை வைத்து எடுத்த ஒரு படத்தைப் போட்டிருப்பார்கள், நீங்கள் பாதியில் தூங்கியிருப்பீர்கள். அதில் எனக்கு வருத்தமில்லை. "உடையைக் கழித்துவிட்டால்" என்று எழுதினீர்கள் பாருங்கள், அதற்காகத்தான் இந்தப் பதில். அந்த மாதிரி உடை தைத்துத்தான் என் வீட்டில் அடுப்பு எரிகிறது.

லண்டனில் படங்களுக்கும் நாடகங்களுக்கும் உடை வாடகைக்கு விடும் ஓர் இடத்தில் தையல் வேலை. எம்மா தாம்சனை நேரில் பார்த்ததில்லை, அவருடைய துணியில் ஒரு பொத்தான்கூட வைத்ததில்லை. இப்போதே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கமெண்டில் போட்டோ கேட்பீர்கள்.

ஒருமுறை 1850களில் நடக்கும் கதைக்கு ஓர் உடையைப் பிரித்துச் சரிசெய்துகொண்டிருந்தோம். வாடகை உடைகளில் உள்ளே தாராளமாகத் துணி விட்டுத் தைத்திருக்கும். ஒரு நடிகைக்குப் பிடித்து, அடுத்தவருக்குப் பிரித்து, அப்படியே வருஷக்கணக்கில் ஓடும். அன்று அளவு பார்க்க வரவேண்டிய பெண் வரவில்லை. உயரமும் சுற்றளவும் கிட்டத்தட்ட ஒன்றுதான் என்று மேற்பார்வை பார்க்கும் அம்மா என்னையே நிற்கச் சொன்னார். முதலில் மெல்லிய பருத்தி உள்சட்டை, அதன்மேல் கோர்செட், அதாவது இடுப்பையும் மார்பையும் இறுக்கிப் பிடிக்கும் உள்ளாடை. முன்னால் இரும்புப் பட்டையில் கொக்கிகளை மாட்டிவிட்டு, பின்னால் நாடாவை நடுவிலிருந்து இழுத்தார். வலிக்கவில்லை. சினிமாவில் காட்டுவதுபோலக் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு அலறவும் இல்லை. ஆனால் மூச்சு வயிற்றுக்கு இறங்க மறுத்து மேல்நெஞ்சிலேயே நின்றுவிட்டது. அதன்மேல் பாவாடைகள், கடைசியில் மேல்சட்டை. அந்தக் காலத்துச் சட்டையில் தோள் தையல் தோளைத் தாண்டிக் கைப்பக்கம் இறங்கி இருக்கும். கையைத் தலைக்கு மேல் தூக்க முடியாது. கையிலிருந்த குண்டூசி கீழே விழுந்தது. வழக்கம்போலக் குனியப் போனேன், உடம்பு மடங்கவில்லை. முதுகை நிமிர்த்தியபடியே முழங்காலை மடக்கி, கண்ணால் பார்க்காமல் தரையைத் தடவி எடுத்தேன். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். பழகினால் சரியாகிவிடும் என்றார் அந்த அம்மா. அவர் சொன்னது உண்மைதான், அந்தக் காலத்துப் பெண்கள் இதோடுதானே வீட்டு வேலை எல்லாம் பார்த்தார்கள். ஆனால் நடிகைக்குப் பழக எத்தனை நாள் கிடைக்கும் சொல்லுங்கள்.

அன்று இரவு வீட்டில் 'ஹவர்ட்ஸ் எண்ட்' (1992) போட்டுப் பார்த்தேன். முன்பும் பார்த்த படம்தான், இந்தத் தடவை எம்மாவின் மூச்சை மட்டும் கவனித்தேன். கர்ப்பமாக நிற்கும் தங்கை ஓர் இரவு ஹவர்ட்ஸ் எண்ட் என்ற அந்த வீட்டில் தங்கட்டும் என்று மார்கரெட்டாக வரும் எம்மா கேட்கிறாள். கணவர் ஹென்றி மறுக்கிறார். நீங்கள் இன்னொருத்தியை வைத்திருந்தீர்கள், நான் மன்னித்தேன். என் தங்கைக்கு மட்டும் மன்னிப்பு கிடையாதா என்று வெடிக்கிறாள். கழுத்துவரை மூடிய உடை, தலையை நிமிர்த்தியே வைத்திருக்க வேண்டிய காலம். முகத்தையும் குரலையும் விட்டால் நடிகைக்கு அங்கே வேறு எதுவும் மிச்சமில்லை. அந்தப் படத்துக்குத்தான் சிறந்த நடிகைக்கான ஆஸ்கார். உடைக்கு இல்லை! உடை அமைத்த ஜென்னி பீவனும் ஜான் பிரைட்டும் அந்த வருஷம் பரிந்துரையோடு நின்றார்கள்.

இன்னொன்று, எம்மாவுக்கு அமைந்த உடைகள் பெரும்பாலும் அழுதுவடிகிற ரகம். 'தி ரிமெயின்ஸ் ஆஃப் தி டே' (1993) படத்தில் மாளிகையின் வீட்டு நிர்வாகி. பட்டும் வைரமும் விருந்தாளிகளுக்குத்தான். பட்லர் ஆண்டனி ஹாப்கின்ஸ் ஏதோ புத்தகம் படித்துக்கொண்டிருக்கிறார், என்ன புத்தகம் என்று காட்ட மறுக்கிறார். இவர் பக்கத்தில் போய் அவர் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கி அதை எடுக்கிறார். சாதாரணக் காதல் கதைப் புத்தகம். அவ்வளவுதான் காட்சி. தொட்டது விரலை மட்டும், எனக்கு வியர்த்துவிட்டது.

'சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி' (1995) இன்னும் மோசம், நல்ல கவுன் எல்லாம் தங்கையாக வந்த கேட் வின்ஸ்லெட்டுக்குத்தான் பொருந்தியது. நாவலில் எம்மா நடித்த எலினாருக்கு 19 வயது, எம்மாவுக்கு அப்போது 36. படம் முழுக்க அழுகையை அடக்கிக்கொண்டே இருப்பவள், தான் விரும்பிய எட்வர்டுக்குக் கல்யாணம் ஆகவில்லை என்று தெரிந்ததும் விக்கி விக்கி அழுகிறாள். அழகான அழுகையே இல்லை. அம்மாவும் தங்கைகளும் அறையை விட்டே ஓடுகிறார்கள், தியேட்டரில் சிரிப்பு வந்திருக்கும். அந்தத் திரைக்கதையை எழுதியதும் அவரே, வருஷக்கணக்கில் திருத்தித் திருத்தி. அதற்கும் ஆஸ்கார். நடிப்புக்கும் எழுத்துக்கும் இரண்டுக்கும் ஆஸ்கார் வாங்கிய ஒரே ஆள் இன்றுவரை அவர்தான். உடையைக் கழித்தால் மிச்சம் இது!

வெள்ளைக்காரிக்கு வக்காலத்து வாங்குகிறாள் என்று சிலர் வருவீர்கள். அந்த மாளிகைப் பணம் எங்கிருந்து வந்தது என்று எனக்கும் தெரியும். ஹென்றி வில்காக்ஸ் ஆப்பிரிக்க ரப்பரில் சம்பாதித்தவர் என்பது 'ஹவர்ட்ஸ் எண்ட்' நாவலிலேயே இருக்கிறது. 'ஹவர்ட்ஸ் எண்ட்', 'ரிமெயின்ஸ்' இரண்டு படங்களின் தயாரிப்பாளர் இஸ்மாயில் மெர்ச்சன்ட் பம்பாய்க்காரர், திரைக்கதை எழுதிய ரூத் பிராவர் ஜாப்வாலா பல வருஷம் டெல்லியில் குடும்பம் நடத்தியவர். இவர்கள் எடுக்கும் இந்த மாதிரிப் படங்களை, பூப்போட்ட துணிக்குப் பேர்போன கடையின் பெயரில் "லாரா ஆஷ்லி படங்கள்", அதாவது பூப்போட்ட திரைச்சீலைப் படங்கள் என்று இயக்குநர் ஆலன் பார்க்கர் அன்றைக்கே நக்கலடித்தார். உங்கள் கிண்டல் ஒன்றும் புதிதில்லை.

உடைக்குப் பின்னால் இருப்பவர்களைப் பற்றி யாராவது கேட்கிறீர்களா? படம் முடிந்து ஓடும் பெயர்ப் பட்டியலில் எங்களைப் போன்ற தையல்காரர்கள் பெயர் பெரும்பாலும் வராது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். இங்கே நம்ம ஆட்கள் இருக்கிறார்களே! வீட்டு விசேஷத்தில் பார்த்தால், "நீ சினிமாவுக்கே தைக்கிறவ, ரெண்டு ப்ளவுஸ் உனக்கு என்ன பெரிய வேலை" என்று பையை நீட்டுவார்கள். கல்யாணம் சனிக்கிழமை, துணி வருவது வியாழக்கிழமை. லைனிங் வாங்கித் தரமாட்டார்கள், அளவு ப்ளவுஸ் பத்து கிலோவுக்கு முந்தையது. கூலி கேட்டால் முகம் சுருங்கும். அதே ஆட்கள் கடையில் நாற்பது பவுண்டு கொடுத்து, கை தூக்கினால் கிழிகிற ரெடிமேட் ப்ளவுஸை வாங்குவார்கள். சரி, அதை விடுங்கள்.

பழைய உடைப் படங்களில் மட்டும் நடித்தார் என்பதும் சரியில்லை. 'இன் தி நேம் ஆஃப் தி ஃபாதர்' படத்தில் வக்கீல், 'லவ் ஆக்சுவலி'யில் சாதாரண லண்டன் மனைவி, 'குட் லக் டு யூ, லியோ கிராண்டே' (2022) படத்தில் உடையே இல்லாமல் கண்ணாடி முன் நிற்கிறார், அறுபதைத் தாண்டிய வயதில். கேள்விக்கு இதைவிட நேரடியான பதில் என்னிடம் இல்லை.

பார்ப்பதாக இருந்தால் 'ரிமெயின்ஸ்' படத்தில் ஆரம்பியுங்கள், சப்டைட்டில் போட்டுக்கொண்டு. ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டாதீர்கள்.