மிட்டாயும் வயிற்றுப் பூச்சியும்

கேள்வி: வெளிறிச் சோர்ந்திருக்கும் என் எட்டு வயது மகனுக்குக் கொக்கிப்புழு இருப்பதாகப் பரிசோதனையில் தெரிந்தது. மிட்டாய் தின்றதால் வந்த பூச்சி என்கிறார், வாழைத்தோப்பில் வேலை செய்யும் என் மாமியார். பள்ளியில் மாத்திரை கொடுத்தும் எப்படி வந்தது? அவரோடு தோப்புக்குப் போய்வந்து, சேற்றுப்புண் என்று இரண்டு மூன்று நாள் காலைச் சொறிந்துகொண்டிருந்தான், அவ்வளவுதான்.
- ஒரு வாசகி, அணைக்கட்டு

பதில்: அன்புச் சகோதரி, பல் சொத்தைக்கு வேண்டுமானால் மிட்டாயைக் குறை சொல்லலாம், கொக்கிப்புழுவுக்கும் அதற்கும் தொடர்பில்லை. "அவ்வளவுதான்" என்று நீங்கள் முடித்துவிட்ட அந்தச் சொறியிலேயே விடை இருக்கக்கூடும்.

புழு உள்ள ஒருவர் திறந்தவெளியில் மலம் கழித்தால், அதிலுள்ள முட்டைகள் நிழலும் ஈரமும் வெதுவெதுப்பும் உள்ள மண்ணில் ஓரிரு நாளில் பொரிக்கின்றன. வெளிவரும் குஞ்சுப்புழு ஐந்து முதல் பத்து நாளில் இருமுறை தோலுரித்து, அரை மில்லிமீட்டர் அளவே உள்ள நூல்போலாகி, அதன்பின் எதையும் உண்ணாமல், ஈர மண்ணின் மேற்பரப்பிலும் புல்நுனியிலும் வாரக்கணக்கில் காத்திருக்கும். சுட்டெரிக்கும் வெட்டவெளியில் அது காய்ந்து மடியும். நீர் பாயும் வாழைத்தோப்பு அதற்குத் தாய்வீடு. வெறுங்கால் பட்டதும் விரலிடுக்கின் மெல்லிய தோலைத் துளைத்து நுழைகிறது. அந்த அரிப்பைத்தான் பலரும் சேற்றுப்புண் என்று விட்டுவிடுகிறார்கள். பிறகு இரத்தத்தோடு இதயம் வழியாக நுரையீரலை அடைந்து, மூச்சுக்குழாயில் தொண்டைவரை ஏறி, எச்சிலோடு விழுங்கப்பட்டுச் சிறுகுடலுக்கு வந்து, அதன் சுவரைக் கவ்விக்கொண்டு இரத்தம் குடிக்கிறது. காலில் நுழைந்தது முட்டையிடும் புழுவாக வளர ஐந்து வாரத்துக்கு மேலாகும் என்பதால், அரிப்பை அதற்குள் எல்லோரும் மறந்திருப்பார்கள்.

தோல் வழி என்பதை மருத்துவ உலகமே தற்செயலாகத்தான் அறிந்தது. 1890களின் இறுதியில், கெய்ரோவில் ஆய்வு செய்த ஜெர்மானியரான ஆர்தர் லூஸின் கையில் குஞ்சுப்புழு நிறைந்த நீர் சிந்தியது, கை அரித்தது, சில வாரங்களில் அவர் மலத்திலேயே முட்டைகள் தென்பட்டன.

பள்ளியில் தரும் அல்பெண்டசோல் குடலில் அன்றிருக்கும் புழுக்களைக் கொல்லும். அடுத்த வாரம் தோப்பில் காலில் ஏறுவதைத் தடுக்காது. பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் திரும்பத் தருவது அதனால்தான். மகனுக்கு மருத்துவர் சொல்லும் மாத்திரையோடு, ஹீமோகுளோபின் அளவைப் பார்த்து இரும்புச்சத்து மருந்தும் கேளுங்கள். தோப்புக்குச் செருப்பில்லாமல் அனுப்பாதீர்கள்.

கொக்கிப்புழு பெரியவர்களிடமும் நிறைய உண்டு; திமிரியிலும் ஜவ்வாது மலையிலும் பெரியவர்களுக்கும் சேர்த்தே மாத்திரை கொடுத்து ஆய்வு நடந்தது அதை மனதில் வைத்துத்தான். ஆகவே உங்கள் மாமியாருக்கும் ஒரு மலப் பரிசோதனை செய்துவிடுங்கள். மிட்டாயே தொடாதவராக இருந்தாலும் சரி.