வேம்பயர் சீரியல்கள் பொதுவா எத்தனை சீசன் ஓடும்? சிலது எட்டு சீசன் போகுது, சிலது ஒரே சீசன்ல காணாம போகுது, ஏன்?

முதல்லயே சொல்லிடறேன், கீழ ஸ்பாய்லர் நிறைய இருக்கு. வேம்பயர் டைரீஸ் இனிமேதான் பாக்கணும்னு வெச்சிருக்கறவங்க இப்பவே எழுந்து போயிடுங்க.

சராசரின்னு ஒரு நம்பர் கேட்டா அது யாருக்கும் உதவாத நம்பராத்தான் வரும், ஏன்னா இந்த சீரியல்ல ரெண்டு ரகம்தான் கண்ணுல படுது. ஒன்னு, தொட்டில்லயே போயிடறது. இன்னொன்னு, அஞ்சு தாண்டி ஏழு எட்டு வரைக்கும் இழுக்கறது. மூனு நாலுல நிக்கறதும் இருக்கு (டிஸ்கவரி ஆஃப் விச்சஸ் மூனு, தி ஸ்ட்ரெய்ன் நாலு), ஆனா அதுல முதலாவது மூனு புக்கை வெச்சு எடுத்தது, கதை தீந்ததும் கடையை மூடிட்டாங்க, அதுல விசேஷம் ஒன்னும் இல்ல.

பெருசுங்க கணக்கு எனக்கு மனப்பாடம். பஃபி 1997ல இருந்து 2003 வரைக்கும் 7 சீசன், 144 எபிசோட். அதுல இருந்து பிரிஞ்சு போன ஏஞ்சல் 5 சீசன், 110. எச்பிஓல வந்த ட்ரூ பிளட் 2008 டு 2014, 7 சீசன், ஆனா எபிசோட் 80 தான். வேம்பயர் டைரீஸ் 8 சீசன், 171. அதோட குட்டி தி ஒரிஜினல்ஸ் 5 சீசன் 92, பேரக்குட்டி லெகஸீஸ் 4 சீசன் 68. இந்த மூனையும் சேத்தா 331 எபிசோட், 2009ல ஆரம்பிச்சு 2022 வரைக்கும் பதிமூனு வருஷம் அந்த ஒரே குடும்பத்தை வெச்சு சிடபிள்யூ சேனல்காரன் பொழப்பு நடத்திருக்கான்.

இங்க ஒரு விஷயம் கவனிங்க, சீசன் எண்ணறதே ஒரு ஏமாத்து வேலை. அப்ப ஒரு சீசன்னா 22 எபிசோட், இப்ப எட்டு பத்து போட்டுட்டு ஒரு சீசன்ங்கறாங்க. வாட் வீ டூ இன் தி ஷேடோஸ் 6 சீசன் ஓடுச்சுன்னு பெருமையா சொல்றோம், மொத்தமே 61 எபிசோட், அதுவும் அரை மணி நேரம். வேம்பயர் டைரீஸ் மூனே சீசன்ல அதைத் தாண்டிருச்சு. இதையெல்லாம் விடுங்க, 1966ல ஏபிசில டார்க் ஷேடோஸ்னு ஒன்னு வந்துச்சு, சாயங்காலம் நம்ம மெகா சீரியல் கணக்கா தினமும் ஓடுறது, அஞ்சு வருஷம் கூட முழுசா ஆகல, 1225 எபிசோட். அதுல தமாஷ் என்னன்னா ஆரம்பத்துல வேம்பயரே கிடையாது! பழைய பங்களா, அனாதைப் பொண்ணு, குடும்ப ரகசியம்னு பத்து மாசம் ஓட்டிப் பாத்தாங்க, போணி ஆகல. அப்பறம்தான் ஒருத்தன் நகை இருக்கும்னு நெனச்சு சங்கிலி போட்ட சவப்பெட்டியைத் திறக்கறான், உள்ள இருந்து ஒரு கை வந்து கழுத்தைப் பிடிக்குது. அந்தக் கைதான் பார்னபஸ் காலின்ஸ். கொஞ்ச நாள் வில்லனா வெச்சிட்டு அனுப்பிடலாம்னு கூட்டிட்டு வந்த ஆளு, லெட்டரா வந்து குவிஞ்சதுல கடைசி வரைக்கும் தங்கிட்டாரு.

சரி, ஏன்ங்கற கேள்விக்கு வரேன். என்னோட தியரிக்கு சொந்தக்காரி நான் இல்ல, என் ரூம்மேட்.

2012, மூனாவது வருஷம், கோயம்புத்தூர் ஹாஸ்டல். சீனியர் அக்கா ஒருத்தரோட ஹார்ட் டிஸ்க்ல இருந்து வேம்பயர் டைரீஸ் மூனு சீசனும் காப்பி ஆகி விங் முழுக்க சுத்திட்டு இருந்துச்சு. செமஸ்டர் எக்ஸாமுக்கு நடுவுல லீவு நாள், லேப்டாப்பை கவுத்துப் போட்ட பக்கெட் மேல வெச்சு ஆறு பேர் ரெண்டு கட்டில்ல நெருக்கி உக்காந்து சீசன் 3 கடைசி எபிசோட் பாக்கறோம். கார் பாலத்துல இருந்து தண்ணில விழுது, ஹீரோயின் எலினா மூழ்கிடறா, கடைசி ஷாட்ல பிணவறை டேபிள்ல படுத்திருக்கறவ திடீர்னு மூச்சை இழுத்து கண்ணைத் திறக்கறா. முன்னாடி டாக்டரம்மா கொடுத்த வேம்பயர் ரத்தம் உடம்புல இருந்திருக்கு, அதனால வேம்பயரா மாறப் போறா. நாங்க அஞ்சு பேரும் கத்தறோம், ரூம்மேட் மட்டும் கால்ல போட்டிருந்த போர்வையை மடிச்சு வெச்சுட்டு "போச்சு, இனி இது தேறாதுடி, இவ்ளோ நாள் அந்த வீட்டுல பயப்படறதுக்குன்னு ஒரு ஆள் இருந்தா, இப்ப அவளுக்கும் பல்லு வந்துருச்சு, இனி யாரு யாரைப் பாத்துப் பயப்படறது"ன்னுட்டு பல்லு விளக்கப் போயிட்டா.

அப்ப சிரிச்சோம். ஆனா அன்னைல இருந்து எந்த வேம்பயர் சீரியல் பாத்தாலும் எனக்கு அந்த ஒரு கணக்குதான் ஓடுது. வேம்பயருக்கு வயசு ஆகாது, சாவு வராது, போன வருஷமும் இந்த வருஷமும் அவனுக்கு ஒன்னுதான். அப்ப கதைக்கு கடிகாரம் யாரு? பக்கத்துல நிக்கற மனுஷிதான். அவளுக்குத்தான் ஸ்கூல் முடியும், காலேஜ் போவா, அம்மா சாவாங்க, வாடகை கட்டணும். அவ கடிபடாம இருக்கற வரைக்கும் தினமும் ஒரு பயம் இருக்கு, ஒரு ஆசையும் இருக்கு, ரெண்டையும் வெச்சு வருஷக்கணக்கா ஓட்டலாம்.

ரூம்மேட் சொன்னது பாதி தப்பு, அதையும் சொல்லணும், ஏன்னா அதுக்கப்பறமும் அது அஞ்சு சீசன் ஓடுச்சு. ஆனா எப்படி ஓடுச்சுன்னு பாருங்க. நாலாவது சீசன் பூரா இவளைத் திரும்ப மனுஷியா மாத்தற மருந்தைத் தேடி அலையறாங்க. ஆறாவது சீசன்ல அந்த மருந்தைக் குடிக்க வெச்சு மனுஷியாவே ஆக்கிட்டாங்க. அப்ப எழுதறவங்களுக்கே தெரிஞ்சிருக்கு, கடிகாரத்தை உடைச்சிட்டோம்னு. அதுக்குள்ள எலினாவா நடிச்ச நீனா டோப்ரேவ் நான் கெளம்பறேன்னு போயிட்டாங்க, வேற வழியில்லாம மந்திரம் போட்டு எலினாவை சவப்பெட்டில தூங்க வெச்சாங்க. அடுத்த ரெண்டு சீசன் நானும் பாத்தேன், பழக்க தோஷம், ஞாயித்துக்கிழமை துணி துவைச்சுகிட்டே பாக்கற மாதிரி. 2017ல முடிக்கும்போது அவளை எழுப்பினாத்தான் முடிக்கவே முடிஞ்சுது.

இப்ப இந்த அளவுகோலை வெச்சு மத்ததைப் பாருங்க. வேம்பயரை வேட்டையாடற பஃபி ஏழு வருஷமும் மனுஷிதான், ஒரு தடவை கூட நிஜமா பல்லு முளைக்கல (ஒரு கெட்ட கனவு எபிசோட் இருக்கு, அதை கணக்குல சேக்கல). பதினாறு வயசுல ஆரம்பிச்சு, காலேஜ் போயி, அம்மாவைப் பறிகொடுத்து, தங்கச்சியை வளக்கறதுக்கு பர்கர் கடையில தொப்பி போட்டுகிட்டு வேலை பாத்தா. அந்த பர்கர் கடை எபிசோடை எல்லாரும் திட்டுவாங்க, எனக்கு அதுதான் ரொம்பப் பிடிக்கும், முதல் வேலைக்குச் சேந்தப்ப அப்படித்தான் இருந்துச்சு. ட்ரூ பிளட்ல ஹீரோயின் சூக்கி பக்கா மனுஷி இல்ல, தேவதை ரத்தம் கலந்தவ, ஆனா கடைசி வரைக்கும் வேம்பயரா மாறல. அவ ஃப்ரெண்ட் டாராவை அஞ்சாவது சீசன்ல மாத்தினாங்க, ஏழாவது சீசன் முதல் எபிசோட்ல சாவைக் கூட காட்டாம முடிச்சிட்டாங்க, மாத்தின பிறகு அவளை வெச்சு என்ன பண்றதுன்னே தெரியல அவங்களுக்கு. அந்த சீரியல் க்ளைமாக்ஸ் பத்தி பேச வேண்டாம், ஏழு வருஷம் பாத்தவங்களுக்கு அவ புருஷன் மூஞ்சியைக் கூட காட்டல!

இன்னும் பழசு, டொரன்டோல எடுத்த ஃபாரெவர் நைட். எண்ணூறு வயசு வேம்பயர் போலீஸ்ல நைட் ஷிஃப்ட் பாக்கறான், பிரேதப் பரிசோதனை டாக்டர் நாட்டலி அவனை மனுஷனாக்க மருந்து தேடறாங்க. மூனு சீசன் அவங்களைத் தொடாம இருந்தான். 1996ல கடைசி எபிசோட்ல தொட்டான், அதோட சரி.

வாட் வீ டூ இன் தி ஷேடோஸ்லயும் இதேதான், காமெடியா இருக்கறதால நமக்குத் தெரியறதில்ல. ஸ்டேட்டன் ஐலண்ட்ல ஒரு வீட்டுல நாலு வேம்பயருக்கும் பொணத்தைத் தூக்கிப் போட்டு, ரத்தக்கறை துடைச்சு, சவப்பெட்டி மூடியை சாத்தி விட்டுட்டு இருக்கான் கியர்மோ, இன்னைக்கு மாத்துவாங்க நாளைக்கு மாத்துவாங்கன்னு பத்து வருஷத்துக்கு மேல. கடைசில பொறுக்க முடியாம வெளிய ஒரு கடையில வேலை பாக்கற புது வேம்பயருக்கு காசு குடுத்து கடி வாங்கிக்கறான். அஞ்சாவது சீசன் பூரா பாதி மாறியும் மாறாமலும் திண்டாடறான், ஒரு மனுஷனைக் கொன்னு குடிக்க மனசு வரல. அந்த சீசன் முடியறதுக்குள்ள மறுபடி மனுஷனாக்கிட்டாங்க. அடுத்த சீசனோட சீரியலும் முடிஞ்சிருச்சு, ஆசைப்பட்டது கிடைச்சு வேணாம்னு சொன்னவனை வெச்சு அதுக்கு மேல என்ன கதை எழுதறது.

இங்க யாராவது வந்து தி ஒரிஜினல்ஸ்ல ஹீரோவே வேம்பயர், அது எப்படி அஞ்சு சீசன் ஓடுச்சுன்னு கேப்பீங்க. அங்க கடிகாரம் குழந்தை. முதல் சீசன் முழுக்க வயித்துல, நாலாவது சீசன்ல ஏழு வயசு, அஞ்சாவதுல டீனேஜ் பொண்ணு. ஆயிரம் வருஷ வேம்பயர் அப்பன் எதுக்கும் அவசரப்படாதவன், புள்ளை வளர்ந்துட்டே போறதுதான் அவனைப் பதற வைக்குது.

ஆனா ஒரே சீசன்ல போற கேஸுக்கு இந்த தியரி எல்லாம் வேணாம். அதெல்லாம் சேனல்காரன் கல்லாப்பெட்டி விவகாரம், கதையில காரணம் தேடாதீங்க. மூன்லைட்னு சிபிஎஸ்ல ஒன்னு, 2007 செப்டம்பர்ல வெள்ளிக்கிழமை ராத்திரி போட்டாங்க, நடுவுல ரைட்டர்ஸ் ஸ்ட்ரைக் வந்து அறுத்துச்சு, 16 எபிசோடோட 2008 மே மாசம் தூக்கிட்டாங்க. ரசிகர்கள் சீரியலைக் காப்பாத்த ரெட் கிராஸோட சேந்து ரத்ததானம் பண்ணாங்க, நம்ம ஊர்ல ஹீரோ பொறந்தநாளுக்குப் பண்றாங்களே அதே மாதிரி, வேம்பயர் சீரியலுக்கு அதைவிடப் பொருத்தமா ஒன்னு பண்ண முடியாது. பிரயோஜனம் இல்ல. வயிறு எரியறது எதுக்குன்னா, அதே வருஷம் செப்டம்பர்ல ட்ரூ பிளட் வருது, நவம்பர்ல ட்வைலைட் முதல் படம் வருது, ஊரே வேம்பயர் பைத்தியம் ஆகுது. நாலு மாசம் பொறுத்திருந்தா போதும்.

ஏஞ்சலுக்கு நூறாவது எபிசோட் போட்ட கையோட, 2004 பிப்ரவரில, நிறுத்தறோம்னு சொன்னாங்க. பஃபிக்கு காசு பேரம் படியாம சேனலே மாறிச்சு, அதுல ஒரு அழகு என்னன்னா பழைய சேனல்ல அவளைக் கொன்னு புதைச்சு கல்லறைக் கல்லைக் காட்டி முடிச்சாங்க, புது சேனல்ல அவளே மண்ணைத் தோண்டிகிட்டு வெளிய வந்தா. ஹிந்தில கூட ஒன்னு இருந்துச்சு, ஸ்டார் ஒன்ல பியார் கீ யே ஏக் கஹானி, 2010ல ஆரம்பிச்சு 2011 டிசம்பர்ல முடிஞ்சுது, அதே மாசம் அந்த சேனலையே மூடி லைஃப் ஓகேன்னு பேர் மாத்திட்டாங்க.

இப்ப ஓடிடி வந்து இன்னும் மோசம். ஃபர்ஸ்ட் கில் 2022 ஜூன்ல வந்துச்சு, எட்டு எபிசோட், ஆகஸ்ட் மாசம் கேன்சல். நான் வாட்ச்லிஸ்ட்ல போட்டுட்டு பாக்க ஆரம்பிக்கறதுக்குள்ள செத்துப் போச்சு. வேம்பயர் டைரீஸ்ல எட்டு வருஷம் டேமன்ங்கற வேம்பயரா இருந்த இயன் சோமர்ஹால்டரையே மனுஷ டாக்டரா போட்டு வி வார்ஸ் எடுத்தாங்க, பத்து எபிசோட், அவ்ளோதான். முன்னாடி முதல் சீசன் சுமாரா இருந்தாலும் ரெண்டாவதுல பிடிச்சுக்கலாம்னு ஒரு அவகாசம் இருந்துச்சு, பஃபியோட முதல் சீசன் 12 எபிசோடை இன்னைக்குப் பாருங்க, அந்த லட்சணத்துக்கு இப்பன்னா ரெண்டாவது சீசனே கிடையாது.

இன்னொரு சில்லறைக் காரணம், நடிகருக்கு வயசாகறது. 1997ல பஃபில ஒல்லியா வந்த ஏஞ்சலையும் 2004ல அகலமா நிக்கற ஏஞ்சலையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க, சாகாவரம் வாங்கினவனுக்கும் தொப்பை போடுது.

உங்க கேள்விக்கு நேரா பதில்: ரெண்டாவது சீசனைத் தாண்டிட்டா கொஞ்சம் நம்பலாம், தாண்டற வரைக்கும் மனசைக் குடுக்காதீங்க. இப்ப நான் பாத்துட்டு இருக்கறது இன்டர்வியூ வித் தி வேம்பயர். 2022ல 7 எபிசோட், 2024ல 8. பேட்டி எடுக்கற டேனியல் வயசான மனுஷன், கை நடுங்கற வியாதி வேற, எதிர்ல உக்காந்திருக்கற ரெண்டு வேம்பயரும் நெனச்சா அந்த செகண்டே முடிச்சிடலாம், அந்த டைனிங் டேபிள்ல கேள்வி கேட்டுகிட்டே சாப்பிடறாரே, அந்த சீனெல்லாம் அப்படி ஒரு டென்ஷன். ரெண்டாவது சீசன் கடைசில அவரையும் மாத்தி வெச்சிருக்காங்க.

பாத்த ராத்திரியே ரூம்மேட்டுக்கு மெசேஜ் போட்டேன். இப்ப அவளுக்கு ரெண்டு குழந்தை, சீரியல் பாக்க எல்லாம் நேரம் இல்ல. "கிழவனையும் கடிச்சிட்டாங்களா? அப்ப நான் ஆரம்பிக்கல"ன்னா.