ரூபிளின் விளிம்பு

வணக்கம் ஐயா,

நாணயக் கண்காட்சி ஒன்றில் ரஷ்யச் சக்கரவர்த்தி (ஜார்) இரண்டாம் நிக்கோலாஸ் காலத்து வெள்ளி ரூபிள் வாங்கினேன், 1898-ஆம் வருடத்தது. நண்பரிடமும் அதே வருடக் காசு இருக்கிறது. அவருடையதில் விளிம்பு எழுத்துகள் முடியும் இடத்தில், அடைப்புக்குறிக்குள் இரண்டு எழுத்து. என்னுடையதில் அங்கே இரண்டு நட்சத்திரம். "உன்னது டூப்ளிகேட்" என்கிறார். அப்படியா? அப்புறம், காசு கறுத்திருக்கிறது. வெள்ளி விளக்கைத் துலக்குவதுபோல விபூதி போட்டுத் தேய்க்கலாமா?

செ., மதுரை

அன்புள்ள செ.,

இரண்டாவது கேள்விதான் அவசரம். தேய்க்காதீர்கள்! சேர்க்கத் தொடங்கிய புதிதில் மூன்றாம் அலெக்சாண்டர் ரூபிள் ஒன்றை நானே விபூதி போட்டுத் தேய்த்தேன். பளபளவென்றுதான் வந்தது. ஆனால் ஜாரின் தாடி மழுங்கிவிட்டது. வெளிச்சத்தில் சாய்த்தால் முகமெல்லாம் வட்டவட்டமாகக் கீறல். வாங்கிய கடைக்கே எடுத்துப்போனேன். கடைக்காரர் லென்ஸில் ஒரு நொடி பார்த்துவிட்டு, "வெள்ளி விலைக்கு வேணும்னா எடுத்துக்கறேன்" என்றார். அந்தக் கறுப்பு, அழுக்கு இல்லை. காற்றிலுள்ள கந்தகம் வெள்ளியில் படிந்து உண்டாகும் மெல்லிய படலம். அது வர வருடக்கணக்காகும், போக ஒரு சிட்டிகை விபூதி போதும்.

இனி நட்சத்திரம். 1890-களின் பிற்பகுதியில் நிதியமைச்சர் செர்கேய் வித்தே ரூபிளைத் தங்கத்தோடு பிணைத்தார். அந்தச் சீர்திருத்தத்தின்போது புழக்கத்துக்கு ஏராளமான வெள்ளிக் காசு தேவைப்பட்டது. பீட்டர்ஸ்பர்க் நாணயச்சாலையால் மட்டும் ஈடுகொடுக்க முடியவில்லை. வேலையில் ஒரு பங்கு வெளிநாட்டுக்குப் போயிற்று. பாரிசில் அடித்ததற்கு ஒரு நட்சத்திரம், பிரஸ்ஸல்ஸில் அடித்ததற்கு இரண்டு. நண்பரின் காசில் இருப்பது பீட்டர்ஸ்பர்க்கில் அச்சடிப்புக்குப் பொறுப்பாக இருந்த அப்பல்லோன் கிராஸ்கோஃபின் முதலெழுத்துகள். ஆக அவருடையது பீட்டர்ஸ்பர்க், உங்களுடையது பெல்ஜியம். ஜாரின் தலையை எல்லோரும் பார்க்கிறார்கள். காசு பிறந்த ஊர் விளிம்பில்தான் இருக்கிறது.

நண்பரின் காசு பிறந்த ஊரைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அந்த நாணயச்சாலை இருப்பது பீட்டர்-பால் கோட்டைக்குள். ரஷ்ய நாணயங்களைப் பற்றிப் பெரிய பெரிய தொகுதிகளாக எழுதி வெளியிட்டவர் கிராண்ட் டியூக் கியோர்கி மிகைலோவிச், ஜார் முதலாம் நிக்கோலாஸின் பேரன். இன்றும் சேகரிப்பவர்களுக்கு அவர் உழைப்புதான் அடித்தளம். 1919 ஜனவரியில் போல்ஷெவிக்குகள் அவரைச் சுட்டுக்கொன்றதும் அதே கோட்டையில்தான்.

சரி, நட்சத்திரம் இருப்பதாலேயே காசு அசல் ஆகிவிடாது. போலி செய்கிறவனுக்கும் நட்சத்திரம் போடத் தெரியும். விளிம்பு எழுத்துகளை மறுபடி படியுங்கள்: "சுத்த வெள்ளி 4 சலத்னிக் 21 தோல்யா". இரண்டும் பழைய ரஷ்ய எடைகள். 96 தோல்யா ஒரு சலத்னிக். கணக்குப் போட்டால் ஏறக்குறைய 18 கிராம் வருகிறது. பத்தில் ஒரு பங்கு செம்பு சேர்த்து மொத்தம் 20 கிராம். நம் விக்டோரியா ரூபாய் 11.66 கிராம்தான், கையில் வைத்தாலே வித்தியாசம் தெரியும்.

நகை எடைபோடும் சின்ன டிஜிட்டல் தராசு ஒன்று வாங்குங்கள். எடை 20 கிராமுக்கு ஒட்டி இருக்கிறதா பாருங்கள். தேய்ந்த காசில் கொஞ்சம் குறையும். பிறகு தம்ளரில் தண்ணீர் ஊற்றித் தராசில் வைத்து, பூஜ்யமாக்குங்கள். காசை நூலில் கட்டி, அடியிலோ பக்கத்திலோ படாமல், முழுக்க மூழ்கும்படி தொங்கவிடுங்கள். தராசு காட்டுவது காசு விலக்கும் தண்ணீரின் எடை. அசல் வெள்ளி என்றால் 1.94 கிராம் பக்கம் காட்டும். செம்பும் நிக்கலும் கலந்த போலி அதே 20 கிராம் இருந்தாலும் 2.2-ஐத் தாண்டிவிடும். காந்தத்தை மட்டும் நம்பாதீர்கள். அதற்கு ஒட்டுவது இரும்புப் போலிதான்.

முடித்ததும் காசைத் துடைக்காமல் மெல்லிய துணியில் ஒற்றி எடுங்கள். தராசு காட்டிய எண்ணை எனக்கு எழுதுங்கள். 1.94-ஐ ஒட்டி வந்தால், நண்பர் உங்களுக்கு ஒரு காபி கடன்.