குவாண்டம் புலக் கோட்பாட்டில் ஆராய்ச்சி: எம்.எஸ்சி. இயற்பியலா, கணிதமா?

பி.எஸ்சி. இயற்பியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் உங்கள் மகள் 'கன்ஸ்ட்ரக்டிவ் குவாண்டம் ஃபீல்ட் தியரி'யில்தான் (குவாண்டம் புல மாதிரிகள் கணித ரீதியாக உண்மையில் இருக்கின்றனவா என்று நிறுவும் துறை) ஆராய்ச்சி செய்வேன் என்கிறாள். மேற்படிப்பு எதில், பிறகு வேலைக்கு என்ன வழி என்று கேட்டிருக்கிறீர்கள். எம்.எஸ்சி.யைக் கணிதத்தில் படிக்கட்டும்.

பெயரில்தான் இயற்பியல் இருக்கிறது. இயற்பியல் வகுப்பில் பாத் இன்டக்ரலை (புலம் எடுக்கக்கூடிய எல்லா வடிவங்களையும் சேர்த்துக் கூட்டும் தொகை) எழுதி, படிப்படியாகத் தோராயமாகக் கணக்கிடுவார்கள். இவள் போக நினைக்கும் துறையின் கேள்வியே அந்த இன்டக்ரல் உண்மையில் இருக்கிறதா என்பதுதான். புலத்தின் நான்காம் படி இடைவினையாக வரும் ஃபை-4 மாதிரியைப் பாருங்கள். புலத்தின் நான்காம் படி ஒவ்வொரு புள்ளியிலும் முடிவிலியாகிறது. அதைச் சரிக்கட்ட, முடிவிலியாகும் பகுதிகளைக் கழிக்கும் 'விக் வரிசைப்படுத்தல்' செய்தால், அந்த ஆற்றலுக்குக் கீழ் எல்லையே இல்லாமல் போகிறது. இரு பரிமாணத்தில் ஆற்றலின் அந்தச் சரிவு, கட்-ஆஃபின் (மிக நுண்ணிய அலைகளை வெட்டிவிட வைக்கும் வரம்பு) மடக்கையின் வர்க்க அளவுக்குத்தான் போகும்; அதைத் தாண்டிச் சரிவதற்கான நிகழ்தகவோ மிக மிகச் சிறியது. அதனால் இன்டக்ரல் முடிவுள்ளது என்று 1960களில் எட்வர்ட் நெல்சன் காட்டினார். முப்பரிமாணத்தில் அதே சரிவு கட்-ஆஃபின் வர்க்கமாகவே பெருகுவதால் இந்த வழி எடுபடாது. புலத்தின் நிறைக்கும் (mass) தனித் திருத்தம் வேண்டும். கிளிம்மும் ஜாஃபேயும் 1973இல் அந்தத் தடையைத் தாண்டினார்கள். நான்கு பரிமாணத்தில், லாட்டிஸிலிருந்து (புள்ளிக் கட்டமாக்கிய வெளி) கட்டத்தின் இடைவெளியைச் சுழியாக்கி எல்லை எடுத்தால் இடைவினையே மிஞ்சாது என்று ஐசன்மனும் டுமினில்-கோபானும் நிறுவிய ஆய்வு வெளிவந்தது 2021இல்.

இதில் எந்த இடத்திலும் பரிசோதனைக் கூடம் வரவில்லை என்பதைக் கவனியுங்கள். வேண்டியவை மெஷர் தியரி, ஃபங்ஷனல் அனாலிசிஸ், நிகழ்தகவு, பகுதி வகைக்கெழுச் சமன்பாடுகள். மார்ட்டின் ஹைரர் 2014இல் ஃபீல்ட்ஸ் பதக்கம் பெற்றது சமவாய்ப்புப் பகுதி வகைக்கெழுச் சமன்பாடுகளுக்காக. இன்று இந்தத் துறைக்குள் நுழைய நல்ல வாசல் அதுதான்.

சிக்கல் தகுதியில் வரும். நம் கல்லூரிகளில் இயற்பியல் மாணவர்களுக்கு அல்லைடு கணிதம் பெரும்பாலும் ஒரு வருடம்தான். எம்.எஸ்சி. கணிதத்துக்குச் சில நிறுவனங்கள் அதைவிடக் கூடுதல் பருவங்கள் கேட்கும். விண்ணப்பிக்கும் முன்பே ஒவ்வொரு நிறுவனத்தின் விதியையும் படித்துவிடுங்கள். ஐ.ஐ.டி. போன்ற நிறுவனங்களின் எம்.எஸ்சி. சேர்க்கைக்கான ஜாம் தேர்வின் கணிதத் தாளில் வரும் குரூப் தியரியும், நிறுவலோடு கூடிய ரியல் அனாலிசிஸும் அல்லைடு பாடத்தில் போதிய அளவு இருக்காது. ஜாம் பிப்ரவரியில் நடப்பதால், இந்தக் கோடையிலிருந்தே அவற்றைத் தொடங்க வேண்டும். சிறுசேரியில் உள்ள சென்னை கணிதக் கழகத்துக்குத் தனி நுழைவுத் தேர்வு உண்டு, அதையும் எழுதட்டும்.

கோடையில் இன்னொன்றும் தெரிந்துவிடும். மூன்று மாதம் எப்சிலான்-டெல்டா நிறுவல்களோடு உட்கார்ந்தும் அலுக்கவில்லை என்றால் துணிந்து அனுப்புங்கள். சூத்திரம்தான் பிடிக்கிறது, நிறுவல் சுமையாக இருக்கிறது என்றால், எம்.எஸ்சி. இயற்பியலே அவளுக்கு நல்லது.

வருமானம்: நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் முதல் 2 ஆண்டுக்கு மாதம் 37,000 ரூபாய். முனைவர் பட்டத்துக்கு 5 ஆண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். நிகழ்தகவில் பலமாக இருப்பவர்களுக்கு, பேராசிரியர் பணி தாமதமானாலும், வங்கி, நிதி நிறுவனங்களின் ரிஸ்க் பிரிவுகளில் இடம் உண்டு. நிரல் எழுதவும் கற்றிருக்க வேண்டும்.

ஆய்வுத் தலைப்பில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். துகள்களுக்கு இடையிலான விசைகளை விளக்கும் யாங்-மில்ஸ் கோட்பாட்டை நான்கு பரிமாணத்தில் கணித ரீதியாக நிறுவும் கேள்விக்கு கிளே கணித நிறுவனம் 2000இல் அறிவித்த 10 லட்சம் டாலர் பரிசு இன்னும் யாருக்கும் போகவில்லை. அதை முனைவர் பட்டத் தலைப்பாக எடுக்க வேண்டாம். இரண்டு, மூன்று பரிமாண மாதிரி ஒன்றையோ, லாட்டிஸ் கேஜ் மாதிரி (யாங்-மில்ஸ் போன்றவற்றின் புள்ளிக் கட்ட வடிவம்) ஒன்றையோ எடுத்தால் 5 ஆண்டில் முடிக்க வாய்ப்பு இருக்கிறது.