மிஸ் மார்ப்பிளும் கால் மணி நேரம் முந்தி ஓடும் கடிகாரமும்

கேள்வி: பணி ஓய்வுக்குப் பிறகு அகதா கிறிஸ்டியின் ‘தி மர்டர் அட் தி விகரேஜ்’ நாவலை ஆங்கிலத்திலேயே படிக்கத் தொடங்கியிருக்கிறேன். மிஸ் மார்ப்பிள் என்னும் கிராமத்து மூதாட்டி துப்பறியும் முதல் நாவல் இதுதானாம். கொலை விழுந்த வீட்டைப் பற்றிய கதையில் பக்கத்துக்குப் பக்கம் சிரிப்பு வருகிறது. ஓர் உயிர் போன கதையைச் சிரித்துக்கொண்டே படிப்பது மனத்தை உறுத்துகிறது. வேடிக்கைப் பகுதிகளைத் தள்ளிவிட்டு மர்மத்தை மட்டும் பின்தொடர்ந்தால் என்ன? (வாசகி ஒருவர், தஞ்சாவூர்)

பதில்: தயவுசெய்து தள்ளிவிடாதீர்கள். 1930இல் வெளிவந்த இந்த நாவலில் வேடிக்கையும் மர்மமும் ஒரே நூலில் நெய்யப்பட்டவை. ஒன்றை உருவினால் மற்றதும் பிரிந்துவிடும். தொடக்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கதையைச் சொல்பவர் செயின்ட் மேரி மீட் என்ற கிராமத்தின் ஆங்கிலிக்கன் குருவானவர். மதிய உணவு மேசையில், வெந்தும் வேகாத மாட்டிறைச்சியோடு கத்தியால் போராடிக்கொண்டே, கர்னல் ப்ரோத்தரோவை யாராவது கொன்றுவிட்டால் உலகத்துக்கே நன்மை என்று அவர் வாய்தவறிச் சொல்லிவிடுகிறார். கர்னல் ரத்தவெள்ளத்தில் கிடக்கும்போது இந்தப் பேச்சு உங்களுக்கு எதிரான சாட்சியாகும் என்று அவருடைய உடன்பிறந்தாரின் மகனான இளைஞன் உடனே எச்சரிக்கிறான். நாம் சிரிக்கிறோம். ஆனால் அந்தச் சிரிப்புக்குள்ளேயே கொல்லப்படப் போகிறவர் யார், ஊரில் அவருக்கு எவ்வளவு பகை என்ற இரண்டு செய்திகளும் நமக்குக் கிடைத்துவிடுகின்றன.

கடிகாரத்தை இன்னும் கவனமாகப் பாருங்கள். குருவானவர் எங்கும் நேரத்துக்குப் போய்ச் சேர்வதில்லை என்பதால், அவருடைய படிப்பறைக் கடிகாரத்தைக் கால் மணி நேரம் முன்னதாகவே ஓடும்படி வைத்திருக்கிறார்கள். நம் வீடுகளிலும் காலையில் பள்ளிக்கும் அலுவலகத்துக்கும் கிளம்பும் அவசரத்தை எண்ணி இப்படிப் பத்து நிமிடம் கூட்டி வைப்பதுண்டு; அதனால் இது நமக்கு மிகச் சாதாரணமான குடும்பச் செய்தியாகத் தோன்றுகிறது. அந்த அறையில்தான், எழுதும் மேசையருகே கர்னல் சுட்டுக் கொல்லப்பட்டுக் கிடக்கிறார். கவிழ்ந்து கிடக்கும் கடிகாரம் 6.22இல் நின்றிருக்கிறது. விசாரணைக்கு வரும் இன்ஸ்பெக்டரின் பெயர் ஸ்லாக். அந்த ஆங்கிலச் சொல்லுக்குத் தளர்ந்தது, மந்தமானது என்று பொருள். மனிதரோ ஒரு நொடி நில்லாதவர், யாரையும் ஒரு வாக்கியத்தை முடிக்க விடாதவர். கடிகாரத்தைப் பற்றிக் குருவானவர் வாய் திறக்கும்போதெல்லாம் அவர் குறுக்கிட்டு அடக்கிவிடுகிறார். அடக்கப்படுபவர் படும் பாடு நமக்கு வேடிக்கையாக இருக்கிறது. ஆனால் கொலை நடந்த நேரத்தைக் குறித்த மிக முக்கியமான உண்மை விசாரணை அதிகாரியின் காதில் விழாமல் போவதும் அந்த வேடிக்கையால்தான். இதற்கு மேல் சொன்னால் தங்கள் வாசிப்பைக் கெடுத்தவன் ஆவேன்.

உறுத்தலைப் பற்றி ஒரு சொல். இந்த நாவல் இறந்தவரின் உடலைப் பார்த்துச் சிரிப்பதில்லை. குருவானவர் தம் அறைக்குள் நுழைந்து உடலைக் காணும் பக்கத்தை மறுபடி படியுங்கள். அங்கே விளையாட்டு இல்லை. உயிரோடு இருப்பவர்களின் பேச்சும் பெருமையும் அவசரமும்தான் இங்கே சிரிப்புக்கு உள்ளாகின்றன.

கேள்வி: காவல் துறையும் அறிவியல் சோதனையும் இருக்கும்போது, பயிற்சி எதுவும் இல்லாத ஒரு மூதாட்டி கொலையாளியைக் கண்டுபிடிப்பது நம்பும்படி இருக்கிறதா? (கல்லூரி மாணவர் ஒருவர், திருநெல்வேலி)

பதில்: நம்ப வைப்பதற்காக கிறிஸ்டி பட்ட சிரமத்தைப் பாருங்கள். மிஸ் மார்ப்பிளின் வீடு, குருவானவர் குடியிருக்கும் குருமனைக்குப் பக்கத்தில் இருக்கிறது. அவருடைய தோட்டத்தில் நின்றால் அங்கே போகிறவர் வருகிறவர் எல்லாரும் கண்ணில் படுவார்கள். செடிகளுக்குக் குனிந்திருக்கும் மூதாட்டியை யாரும் பொருட்படுத்துவதில்லை. பறவைகளைப் பார்க்க வைத்திருக்கும் தொலைநோக்கியால் வேறு பலவற்றையும் பார்க்கலாம். ஊர் வம்பு பேசும் அம்மையார்கள் குருமனையில் தேநீருக்குக் கூடும் காட்சி ஒன்று உண்டு. எல்லாரிலும் அதிகம் அஞ்ச வேண்டியவர் சாந்தமாகப் பேசும் மிஸ் மார்ப்பிள்தான் என்று குருவானவர் அப்போதே உணர்ந்துவிடுகிறார். மற்றவர்கள் வம்பை இன்பத்துக்காகப் பேசுகிறார்கள். இவர் அதை நினைவில் அடுக்கி வைத்து, ஒன்றோடொன்று ஒப்பிட்டு, மனித சுபாவத்தைப் படிக்கிறார். இதுவும் ஒரு பயிற்சிதான் என்பது என் உறுதியான எண்ணம்.

அவர் முதன்முதலில் தோன்றியது 1927இல் ஒரு பத்திரிகையில் வந்த சிறுகதையில். தீராத மர்மங்களை வாரம் ஒருவர் சொல்வதென்று ஒரு குழு கூடுகிறது. மூலையில் பின்னிக்கொண்டிருக்கும் மூதாட்டியை ஆள் கணக்கில் சேர்க்கவே மறந்துவிடுகிறார்கள். ஓர் அம்மையார் கடையில் வாங்கிய உரித்த இறால் வீடு வந்து சேர்வதற்குள் காணாமல் போனதுதான் அவருக்குத் தெரிந்த மர்மம். ஆனால் மற்றவர்களுக்குப் பிடிபடாத கொலையை அவிழ்ப்பவரும் அவரே. எல்லாரிடமும் மோசமானதையே எதிர்பார்த்து, பெரும்பாலும் அது சரியாகவே இருக்கக் கண்ட தம் பாட்டியின் சாயல் மிஸ் மார்ப்பிளிடம் உண்டு என்று கிறிஸ்டி தம் சுயசரிதையில் குறிப்பிட்டிருக்கிறார். 1926இல் வந்த ‘தி மர்டர் ஆஃப் ரோஜர் அக்ராய்ட்’ நாவலில், வீட்டை விட்டு நகராமலே ஊர்ச் செய்தி அனைத்தையும் திரட்டிவிடும் மருத்துவரின் அக்கா கரோலைனை எழுதியதில் கண்ட மகிழ்ச்சியும் இந்தப் பாத்திரத்துக்கு வித்தாகியிருக்கலாம் என்பது அவருடைய எண்ணம்.

கேள்வி: நம் எழுத்தாளர் தேவனின் துப்பறியும் சாம்புவும் இதே வகைதானே? (வாசகர் ஒருவர், மதுரை)

பதில்: இருவருமே மற்றவர்கள் குறைவாக மதிப்பிடும் மனிதர்கள் என்பது வரை சரி. சாம்பு எதையும் கண்டுபிடிப்பதில்லை. அதிர்ஷ்டம் அவரைக் கண்டுபிடித்துக் கைதூக்கிவிடுகிறது, அங்கேதான் நம் சிரிப்பு. மிஸ் மார்ப்பிளுக்கு அதிர்ஷ்டம் தேவைப்படுவதில்லை. இரண்டும் எனக்குப் பிடித்தவை. ஆனால் வேறு வேறு இன்பங்கள்.

கேள்வி: மிஸ் மார்ப்பிள் நாவல்களை வரிசைப்படி படிக்க வேண்டுமா? பொறுமை இழந்தால் கடைசிப் பக்கத்தைப் பார்க்கலாமா? (இல்லத்தரசி ஒருவர், ஈரோடு)

பதில்: மொத்தம் 12 நாவல்கள், ஒவ்வொன்றும் தனிக் கதை என்பதால் எதிலிருந்தும் தொடங்கலாம். ஆயினும் சிரிப்புக்காகப் படிப்பவர்களுக்கு முதல் நாவலையே சொல்வேன், ஏனென்றால் மனைவியின் குறும்பையும் சமைக்கத் தெரியாத பணிப்பெண்ணையும் பொறுத்துக்கொண்டே கதை சொல்லும் அந்தக் குருவானவரின் குரல் அதில்தான் முழுமையாக ஒலிக்கிறது. பணிப்பெண்ணுக்குச் சமையல் தெரியாத வரைக்கும் வேறு எவரும் அவளை அழைத்துக்கொண்டு போக மாட்டார்கள் என்று அவருடைய மனைவி சொல்லும் காரணத்தை நான் எத்தனை முறை படித்தாலும் சிரித்துவிடுகிறேன். கடைசிப் பக்கத்தை மட்டும் தொடாதீர்கள். பாத்திரங்களின் பெயர் குழம்பினால் ஒரு துண்டுத் தாளில் எழுதிப் புத்தகத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள். யார் எந்த நேரத்தில் எங்கே இருந்ததாகச் சொல்கிறார் என்பதையும் பக்கத்திலேயே குறியுங்கள். முடிவு தெரிந்த பிறகு அந்தத் தாளோடு தேநீர்க் காட்சிக்குத் திரும்பிப் போய் மறுபடி படியுங்கள்.