சிலிம் ரிவரின் பீரங்கிக்காரன்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஹாங்காங்கில் வேலை பார்க்கிறேன். சென்ற வாரம் சாய்வான் போர்க் கல்லறைத் தோட்டத்தில் ‘கன்னர்’ (பீரங்கிப் படைச் சிப்பாய்) என்று பொறித்த ஒரு கல்லின் முன் நெடுநேரம் நின்றேன். ஸ்காட்லாந்துக்காரன். 155ஆவது கள ரெஜிமென்ட். தைவானில் கைதியாக இறந்தவன். இவனைப் பற்றி மேலும் அறிய என்ன வழி? பீரங்கிப் படையினர் போர்முனைக்குப் பின்னால் பாதுகாப்பாக இருப்பவர்கள்தானே? ஏகாதிபத்தியச் சிப்பாய் ஒருவனுக்காக நாம் மனம் கசிவது முறையா?

— ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

அந்த ரெஜிமென்ட்டின் எண்ணைப் பார்த்ததும் மற்ற வேலைகளை ஒதுக்கிவிட்டு எழுத உட்கார்ந்தேன். என் தாத்தா மலாயாவின் பேராக்கில், சிலிம் ரிவர் என்ற ஊருக்கு அருகே ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். எங்கள் வீட்டில் பாட்டி அரிசி அளந்தது ஒரு பித்தளைப் பாத்திரத்தில். கையகல வாயும் குட்டையான உடலும் அடியில் தடித்த விளிம்பும் கொண்ட அது, ஜப்பானியரோடு நடந்த சண்டை ஓய்ந்தபின் தாத்தா சாலையோரத்தில் பொறுக்கிவந்த குண்டின் கூடு. அடிப்பக்கத்து எழுத்துகளைப் புளி போட்டுத் தேய்த்துத் தேய்த்துப் பாட்டி பாதி அழித்திருந்தாள். அது 4.5 அங்குல ஹோவிட்சர் என்ற குட்டைக்குழல் பீரங்கியுடையது என்பதை நான் தெரிந்துகொண்டபோது இருவருமே இல்லை.

‘பின்னால் பாதுகாப்பாக’ என்று எவ்வளவு எளிதாக எழுதிவிட்டீர்கள்! கல்லின் முன் அவ்வளவு நேரம் நின்றவர், வீடு திரும்பி ஒரு மணி நேரம் படித்திருக்கக் கூடாதா? இலக்கைக் கண்ணால் காணாமல், முன்னால் இருக்கும் நோக்கர் சொல்லும் திசையையும் தூரத்தையும் வைத்துச் சுடுவது பீரங்கிக்காரனின் வழக்கமான வேலை என்பது உண்மைதான். ஆனால் 1942 ஜனவரி 7 அன்று விடியுமுன்பே தாக்கத் தொடங்கிய ஜப்பானிய டாங்கிகள் பெருஞ்சாலையில் பிரிட்டிஷ் தரப்பின் அரண்நிலைகளை ஒவ்வொன்றாக உடைத்துக்கொண்டு ஏறக்குறைய 30 கிலோமீட்டர் உள்ளே வந்துவிட்டன. அந்தச் சாலையில் ‘பின்னால்’ என்று ஓர் இடமே இல்லாமல் போயிற்று. 155இன் தலைவர் லெப்டினன்ட் கர்னல் மர்டாக் அவற்றுக்கு எதிரே போய் மாட்டிக்கொண்டு உயிரிழந்தார். சிலிம் பாலத்துக்குத் தெற்கே சுமார் மூன்று கிலோமீட்டரில் அந்த ரெஜிமென்ட்டின் ஒரு ஹோவிட்சரை, முதல் உலகப் போர்க் காலத்து வார்ப்பு அது, டாங்கி மிக அருகில் வரும்வரை பொறுத்திருந்து, நேருக்கு நேர் குறிபார்த்துச் சுட்டார்கள். டாங்கிகளின் ஓட்டம் நின்றது அங்கேதான். காலாட்படையாவது மரங்களுக்குள் சிதறி மறையலாம். பீரங்கியை விட்டுவிட்டு ஓடுவது அந்தப் படைக்குப் பெரும் இழிவு. இனியொரு முறை அந்தச் சொல்லை எழுதாதீர்கள்.

ஏகாதிபத்தியம் பற்றிய கேள்விக்கு நீண்ட பதில் சொல்ல எனக்கு விருப்பமில்லை. என் தாத்தாவின் தம்பியைச் சயாம் ரயில்பாதை வேலைக்கு ஜப்பானியர் பிடித்துக்கொண்டு போனார்கள். அவர் திரும்பவில்லை, அவருக்குக் கல்லும் இல்லை. அந்தக் கணக்கை இந்தப் பையனிடம் தீர்க்க நான் வரமாட்டேன்.

அவன் எங்கிருந்து வந்தான் என்று பாருங்கள். 155 என்பது ஸ்காட்லாந்தின் லேனார்க்‌ஷயர் யோமன்ரி என்ற பழைய குதிரைப்படை. 1940இல்தான் அதைப் பீரங்கிப் படையாக மாற்றினார்கள். கிளைடு ஆற்றுப் பள்ளத்தாக்கின் பண்ணைகளும் நிலக்கரிச் சுரங்கங்களும் நிறைந்த மாவட்டம் அது. 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் சரணடைந்தபின், அந்த ரெஜிமென்ட்டில் பலரைக் கப்பலேற்றி வடக்குத் தைவானின் கின்கசேகி செப்புச் சுரங்கத்துக்குக் கொண்டுபோனார்கள். மலையேறி, பின் நூற்றுக்கணக்கான படிகள் இறங்கி, வெக்கையில் ஏறக்குறைய வெற்றுடம்பாக நின்று தாதுவை வாரிக் கொட்ட வேண்டும். கூரையிலிருந்து சொட்டும் அமில நீர் தோலைப் பொசுக்கும். அன்றைய அளவு குறைந்தால் சுத்தியல் பிடியால் அடி. நிலக்கரிக்குப் பேர்போன மண்ணிலிருந்து வந்தவன் வேறொரு சுரங்கத்தின் இருட்டுக்கு வந்து சேர்ந்தான். தைவானில் இறந்தவர்களின் எலும்புகளைப் போருக்குப் பின் ஹாங்காங்குக்குக் கொண்டுவந்து, நீங்கள் நின்ற சரிவில் புதைத்தார்கள்.

நீங்கள் கேட்ட வழி: லண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் ஜப்பானியர் எழுதிவைத்த கைதி அட்டைகள் இருக்கின்றன, பெயரைக் கொண்டு அங்கே தேடுங்கள். இத்தகைய கற்களில் பெரும்பாலும் வயதும் பொறித்திருப்பார்கள். நெடுநேரம் நின்றும் நீங்கள் அதை எழுதவில்லை. அடுத்த முறை போகும்போது பார்த்து எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.