கெப் வாகனத்துக்கு எந்த சீட் கவர்? கேட்டவற்றுக்குப் பதில்

கொழும்பு பஞ்சிகாவத்தைப் பக்கம் குஷன் வேலை செய்கிறேன். கெப் (பிக்கப்) வைத்திருப்பவர்கள் கேட்டவற்றுக்கு என் கைக்குத் தெரிந்த அளவில் பதில் எழுதுகிறேன்.

வத்தளையிலிருந்து: அண்ணா, டபுள் கெப்பில் பேலியகொடையிலிருந்து மீன் ஏற்றுகிறோம். பொடியன்கள் ஈர உடுப்போடுதான் ஏறுவார்கள். எது தாங்கும்?

தம்பி, உங்களுக்குத் துணியே வேண்டாம். உப்பு ஏறிய துணி எத்தனை வெயிலில் போட்டாலும் முழுதாகக் காயாது, காற்றில் இருக்கிற ஈரத்தை உப்பு திரும்ப இழுத்துக்கொள்ளும், மணமும் போகாது. கனமான ரெக்சீன் (பிளாஸ்டிக் பூசிய செயற்கைத் தோல்) போடுங்கள். ஆனால் உட்காரும் இடத்தில் சாய்சதுரக் கட்டம் கட்டமாகப் போடுகிற டயமண்ட் தையல் கேட்காதீர்கள். அழகுதான், ஆனால் ஊசி இறங்கிய ஒவ்வொரு ஓட்டையும் தண்ணீர் ஸ்பொஞ்சுக்குள் போகிற வழி. நடுவில் தையலே இல்லாத ஒற்றைத் துண்டாக வெட்டித் தைக்கச் சொல்லுங்கள்.

வெள்ளவத்தையிலிருந்து: லெதர் மாதிரி என்று சொல்லித் தந்தார்கள். இரண்டே வருடத்தில் செதில் செதிலாக உரிகிறது.

அது பியூ லெதராக, அதாவது பொலியூரித்தேன் பூசிய செயற்கைத் தோலாக இருக்கும். தொடும்போது மெதுவாக, நல்ல தோல் போலத்தான் இருக்கும், ஆனால் மலிவான வகையை நம் ஊர்ப் புழுக்கமும் வியர்வையும் மெல்ல மெல்ல உடைத்துவிடும். உரிய ஆரம்பித்தால் ஒட்டிச் சரிசெய்ய முடியாது, காசு செலவழிக்காதீர்கள். ரெக்சீன், அதாவது பிவிசி, இப்படி உரியாது. அதற்கு வெயில்தான் எதிரி: மெதுமை தருகிற எண்ணெய்த்தன்மை போய், விறைத்து, வெடிக்கும். வெயிலில் நிறுத்துகிறவர் கண்ணாடிக்கு ஒரு மறைப்பு வைத்தாலே அதன் ஆயுள் கூடும்.

கொட்டாஞ்சேனையிலிருந்து: எத்தனை கவர் மாற்றினாலும் டிரைவர் சீட்டின் வலது ஓரம்தான் கிழிகிறது. துணி தரமில்லையா?

துணியில் பிழை இல்லை. கெப் உயரமான வாகனம், ஏறும்போதும் இறங்கும்போதும் உடம்பு முழுவதும் அந்த வலது ஓரத்தில் உரசி வழுக்கித்தான் வருகிறது. போன மாதம் ஒரு கவரைக் கழற்றி மேசையில் விரித்தேன். ரெக்சீன் புதிது போலவே இருந்தது. கிழிந்த இடம் தையல் கோட்டின் மேலேயே, தபால் முத்திரையைப் பிரித்த மாதிரி நேராகப் போயிருந்தது. மிக நெருக்கமாகத் தைத்ததால் வந்த வினை அது. நெருங்கத் தைத்தால் பலம் என்று நினைக்கிறோம், ஆனால் ரெக்சீனில் ஓட்டை கூடக் கூடப் பலம் குறையும். ஓர் அங்குலத்துக்கு ஆறு, ஏழு தையல் போதும். நூல் தடித்த பொலியெஸ்டராக இருக்க வேண்டும். பருத்தி நூல் வியர்வையில் உக்கிவிடும், நைலோன் பலமானது ஆனால் வெயிலுக்குப் பொலியெஸ்டர் அளவு தாங்காது. அந்த ஓரத்துக்கு மட்டும் உள்ளே இன்னொரு துண்டு வைத்து இரட்டையாகத் தைக்கச் சொல்லுங்கள். அப்புறம், அந்த ஓரத்து ஸ்பொஞ்ச் அமுங்கியிருந்தால் அதை முதலில் நிரப்ப வேண்டும். தொய்ந்த ஸ்பொஞ்சின் மேல் எந்தக் கவரும் சுருங்கும், சுருங்கிய இடம்தான் முதலில் தேயும்.

தெஹிவளையிலிருந்து: 600 டெனியர், 1000 டெனியர் என்கிறார்களே?

9000 மீற்றர் இழை எத்தனை கிராம் நிறை என்பதுதான் டெனியர். எண் கூடினால் இழை தடிப்பு, அவ்வளவுதான். நெசவு ஐதாக இருந்தால் 1000 போட்டும் பயனில்லை. துணியை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள், பின்பக்கப் பூச்சையும் நகத்தால் சுரண்டிப் பாருங்கள். மாவாக உதிர்ந்தால் வைத்துவிட்டு வாருங்கள்.

மட்டக்குளியிலிருந்து: சீட்டின் பக்கத்தில் ஏர்பேக் என்று சிறிய லேபல் இருக்கிறது. கவர் போடலாமா?

சாய்மானத்தின் வெளிப்பக்கத்தில் அந்த லேபல் இருந்தால் தயவுசெய்து சாதாரணக் கவர் போட்டு மூடாதீர்கள். மோதும் நேரம் பை அந்த ஓரத்தைக் கிழித்துக்கொண்டுதான் வெளியே வரும். கனமான ரெக்சீனும் இரட்டைத் தையலும் அதைத் தடுத்துவிடும். அந்தப் பக்கம் திறந்தே இருக்கிற கவர், அல்லது ஏர்பேக்குக்கென்றே பிரியும் தையலோடு வருகிற கவர்தான் வேண்டும். எந்தக் குஷன் பாஸ் "பரவாயில்லை" என்று சொன்னாலும் இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

மருதானையிலிருந்து: மழைக்காலத்தில் கவருக்குள் பூஞ்சணம் வருகிறது.

கன்வஸ் கவரா? பருத்தி கலந்த கன்வஸ் என்றால் வரத்தான் செய்யும். மாதத்துக்கு ஒருமுறை கழற்றி, கதவுகளைத் திறந்து வைத்து சீட்டைக் காயவிடுங்கள். சவர்க்காரத் தண்ணீரில் துடைத்தால் போதும், தின்னரும் பெற்றோலும் பக்கத்திலேயே வர வேண்டாம். கவரைக் கொளுவிப் பூட்டுகிற மாதிரித் தைத்து வாங்கினால் நீங்களே கழற்றலாம், ஒவ்வொரு முறையும் கடைக்கு வரத் தேவையில்லை.